ஐந்து தெருவுக்கு ஐந்து குடம்

வேலாயிபட்டியில் தண்ணீர் டேங்க் ஒன்று, மோட்டார் ஒன்று, தெருக்கள் ஐந்து. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆள் ஒருவர்தான், திருமுருகன். காலையில் கரண்டு வந்ததும் மோட்டாரைப் போட வேண்டும். டேங்க் நிறைந்ததும் நிறுத்த வேண்டும். பிறகு தெருத் தெருவாக வால்வைத் திறந்து மூட வேண்டும். கேட்பதற்கு இது பெரிய வேலையாகத் தெரியாது. அவருக்கும் அப்படித்தான் தெரிந்தது, போன தடவை இருந்த பஞ்சாயத்துத் தலைவர் டேங்க்கின் வயிற்றில் சிவப்புப் பெயிண்டால் அவருடைய போன் நம்பரை எழுதி வைக்கும்வரை.

ஒவ்வொரு எண்ணும் ஓர் ஆள் உயரம். பஸ்ஸில் போகிறவர்கள்கூடப் படிக்கலாம். அன்றிலிருந்து அந்த போன் ஓய்ந்ததில்லை.

"அண்ணே, எங்க தெருவுக்கு எப்பண்ணே தண்ணி?" இதுதான் கேள்வி. பல் தேய்க்கும்போது கேட்பார்கள், சோற்றைப் பிசையும்போது கேட்பார்கள், மச்சினன் வீட்டுக் காதுகுத்தில் மொய் எழுத வரிசையில் நிற்கும்போதும் கேட்பார்கள். ஒருநாள் எரிச்சல் தாங்காமல் போனை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினார். டிரம் மணியடித்தது. அவர் மனைவி பிரகதாம்பாள் சிரித்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

இதில் திருமுருகன் செய்த ஒரு தப்பையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இவர் அதை ஊருக்கே பழக்கிவிட்டார். எந்தத் தெருக்காரர்கள் அதிகம் கத்துகிறார்களோ அந்தத் தெரு வால்வை முதலில் திறந்துவிடுவார். சனியன் விட்டால் போதும் என்றுதான். ஆனால் ஊர் என்ன மக்குப் பிள்ளையா? கத்தினால் தண்ணீர் வரும் என்று பத்தே நாளில் கற்றுக்கொண்டது. அமைதியாக இருந்த நடுத்தெருக்காரர்களும் போனைக் கையில் எடுத்தார்கள்.

எல்லோரிலும் அதிகம் கூப்பிடுவது கீழத்தெருக் கடைசி வீட்டு அழகம்மாள். அறுபதை நெருங்கியவர். ஒரு நாளைக்குப் பத்துத் தடவைக்குக் குறையாது. "தம்பி, எங்கிட்டு ஒரு சொட்டும் வரலப்பா." குழாய் அந்த வீட்டோடு முடிகிறது. முன்னால் இருக்கும் முப்பது வீடும் குடித்து முடித்து மிச்சம் இருந்தால்தான் அங்கே வரும். அது திருமுருகனுக்கும் தெரியும். அழகம்மாளின் புருஷன் மூன்று வருஷமாகப் படுத்த படுக்கை என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்துவைத்து அவர் யோசித்ததில்லை, அவ்வளவுதான். போனில் அந்தப் பெயரைப் பார்த்தாலே அவருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது.

அந்த நரம்பை முதலில் கவனித்தது செவந்தி. வீட்டுக்கு வீடு வந்து சுகரும் பிரஷரும் பார்க்கிற பெண். துணிப்பட்டையை அவர் கையில் சுற்றி, மெஷினில் வந்த எண்ணைப் பார்த்துவிட்டு மறுபடியும் சுற்றினாள். நூற்று எழுபத்தெட்டுக்கு நூற்றுப் பத்து.

"என்னண்ணே இது, பிரஷரா, மோட்டாருக்கு வர்ற கரண்டா?" என்று கேட்டாள். கேலியாகத்தான் ஆரம்பித்தாள், ஆனால் குரல் இறங்கிவிட்டது. "ஒங்க அப்பாவுக்கு எந்த வயசுல கைகால் இழுத்துச்சு?"

"அம்பதுல."

"ஒங்களுக்கு?"

"நாப்பத்தேழு."

பிரகதாம்பாள் அடுப்படி வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மாமனார் ஒரு கையும் காலும் விழுந்து ஆறு வருஷம் கிடந்தபோது பார்த்துக்கொண்டவர் அவர்தான். அது என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுத்தார்கள். உப்பைக் குறைக்கணும், கருவாடு ஊறுகாயெல்லாம் கூடாது, தினமும் அரை மணி நேரம் நடக்கணும், நல்லாத் தூங்கணும், முக்கியமா டென்ஷன் ஆகக் கூடாது என்றார்கள். டென்ஷன் ஆகாதே என்று சொல்வதைப் போல லேசான காரியம் உலகத்தில் வேறு கிடையாது. அது என்ன சட்டையா, கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் படுக்க? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

ஆனாலும் திருமுருகன் சொன்னதைக் கேட்கிற மனுஷன். கருவாட்டை விட்டார். விடியற்காலையில் நடக்கப் போனார். மேலத்தெருவில் நுழைந்ததும் வாசல் தெளித்துக்கொண்டிருந்தவர்கள், "என்ன திருமுருகா, வால்வு பாக்க வந்தியா?" என்றார்கள். நடுத்தெருவில் ஒருவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தன் வீட்டுக் குழாயைக் காட்டினார். கண்மாய்க் கரைக்கு மாற்றிக்கொண்டார். அங்கேயும் ஆடு ஓட்டிப் போகிறவர், "எங்க தெருவுக்கு..." என்று ஆரம்பித்தார். நடந்துவிட்டு வந்து பிரஷர் பார்த்தால் இரண்டு எண் கூடியிருந்தது.

கடைசியில் அவரே ஒரு முடிவுக்கு வந்தார். மதியம் இரண்டிலிருந்து நாலு மணிவரை போனை ஆப் பண்ணிவிடுவது. அந்த நேரத்தில் கரண்டும் இருக்காது, கூப்பிட்டாலும் பிரயோசனமில்லை. மோட்டார் ரூமில் ஒரு கயிற்றுக்கட்டில் கிடந்தது. வேப்பமரக் காற்று வேறு. முதல் மூன்று நாளும் அவர் தூங்கிய தூக்கத்தைப் பார்த்து பிரகதாம்பாள் கோயிலில் தேங்காய் உடைத்தார்.

நாலாவது நாள் நாலு மணிக்கு போனை உயிர்ப்பித்தார். மெசேஜ் வந்து விழுந்தது. கூப்பிட்டது அழகம்மாள், பத்தொன்பது தடவை.

பத்தொன்பது! திருமுருகனுக்குத் தூங்கிய தூக்கமெல்லாம் ஒரே நொடியில் வீணாகிப் போனது. இன்றைக்கு நேரில் போய் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று சைக்கிளை மிதித்தார். என்ன கேட்க வேண்டும் என்பதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். கீழத்தெருக் கடைசியில் திரும்பியபோது, அந்த வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பந்தல் கால் நட்டுக்கொண்டிருந்தார். உள்ளே பெண்கள் அழும் சத்தம் கேட்டது.

சைக்கிளைவிட்டு இறங்கினார். அதை உருட்டிக்கொண்டே பந்தல் காலருகே போனார்.

"ரெண்டரை மணிக்குப் போயிட்டாக. திருப்பூர்லருந்து மகன் வந்துக்கிட்டு இருக்கான்" என்றார் பந்தல் போடுகிறவர். யாரும் திருமுருகனை ஒன்றும் கேட்கவில்லை. போன் ஏன் எடுக்கவில்லை என்று ஒருவராவது சட்டையைப் பிடித்திருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். பந்தலுக்குள் போகத் தைரியம் இல்லாமல் டேங்க்குக்குத் திரும்பி, மற்ற நாலு வால்வையும் இறுக மூடிவிட்டுக் கீழத்தெருவுக்கு மட்டும் திறந்தார். அப்படியும் கடைசி வீட்டுக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. பொழுது இறங்கும்வரை சைக்கிளில் குடம் குடமாகக் கட்டிக்கொண்டு போய் அந்த வீட்டு அண்டாவில் ஊற்றினார்.

மறுநாள் காலையில், இறந்தவரைக் குளிப்பாட்டும் தண்ணீருக்காக நீர்மாலை எடுக்கப் பங்காளிகள் மோட்டார் ரூம் குழாய்க்குத்தான் வந்தார்கள். முன்னால் சங்கும் தப்பு மேளமும், தலைக்கு மேலே நாலு பேர் பிடித்த வெள்ளை வேட்டி, மகன் கையில் ஒரு பித்தளைக் குடம். திருமுருகன் குழாயைத் திறந்து ஒவ்வொரு குடமாக நிரப்பிக் கொடுத்தார். மகனின் குடம் நிறைந்தும் அவர் குழாயை மூடாமல் விட்டதில் தண்ணீர் வழிந்து இருவர் காலிலும் சிந்தியது. "பரவால்லண்ணே" என்றான் அவன்.

அதற்குப் பிறகு அவர் போனை அணைக்கவே இல்லை. குளிக்கும்போதும் பாலிதீன் பையில் போட்டுக் கொடியில் தொங்கவிட்டார். மதியம் கட்டிலில் படுப்பார், கண் மட்டும் போன் மேலேயே இருக்கும். மாத்திரை அதன் பாட்டுக்கு உள்ளே போய்க்கொண்டிருந்தது, பிரஷர் அதன் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. செவந்தி வந்து பார்த்தாள். நூற்று எண்பத்தாறு.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. மெஷினைப் பைக்குள் போட்டவள், "போனக் குடுங்கண்ணே" என்று வாங்கிக்கொண்டு திண்டில் உட்கார்ந்தாள். "நேத்து மட்டும் அறுபத்தி நாலு கால் வந்துருக்கு. ஒவ்வொண்ணாச் சொல்றேன், என்ன கேட்டாகன்னு சொல்லுங்க."

சொன்னார். மேலத்தெரு, எப்பத் தண்ணி. புதுத்தெரு, எப்பத் தண்ணி. மறுபடி மேலத்தெரு, அதே ஆள், அதே கேள்வி. கோயில் தெரு, எப்பத் தண்ணி. முடிவில் பார்த்தால் ஐந்தே ஐந்துதான் வேறு சங்கதி. ஒன்று குழாய் உடைந்தது. ஒன்று மச்சினன். மூன்று, லோன் வேண்டுமா என்று கேட்டவை.

"அண்ணே, ஒங்களுக்கு வேல கூடிப் போயி டென்ஷன் வரல. ஒரே கேள்விக்கு அறுபது தடவ பதில் சொல்லி டென்ஷன் வருது. அவுக கேக்கறதுக்கு முந்தியே பதிலத் தெரியற மாதிரி வச்சுப்புட்டா?"

"போர்டு எழுதி வச்சேனே. கரண்டு வர்ற நேரம் மாறுது, போர்டு பொய் சொல்லுது."

"அப்ப மாத்திக்கிற மாதிரி ஏதாச்சும் வைங்க. தொலவுலருந்து பாத்தாத் தெரியணும்."

பிரகதாம்பாள் அன்றைக்கே பழைய சேலைகளை எடுத்துப் போட்டார். டேங்க் எல்லாத் தெருவுக்கும் தெரியும். தெருவுக்கு ஒரு நிறம். எந்தத் தெருவுக்கு வால்வு திறந்திருக்கிறதோ அந்த நிறத்தை மேலே ஏற்றிவிட்டால் போதும். கிணற்றடியில் சும்மா கிடந்த கப்பியை டேங்க் மேலே கட்டி, கயிறு விட்டு, முதலில் சிவப்புச் சேலையை ஏற்றினார் திருமுருகன். அரை மணி நேரத்தில் பைக்கில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். "எந்தக் கட்சிக் கொடிண்ணே இது? யாரக் கேட்டு ஏத்துனீங்க?" சிவப்பை இறக்கிப் பச்சையை ஏற்றினார். வேறு இரண்டு பேர் வந்தார்கள். நீலத்துக்கும் ஆள் வந்தது. எந்த நிறத்தை எடுத்தாலும் அதற்கு இந்த நாட்டில் ஒரு கட்சி இருக்கிறது என்பது அவருக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. சாயந்தரம் பிரஷர் பார்த்திருந்தால் மெஷின் வெடித்திருக்கும்.

"துணியத் தொங்கவிட்டாத்தான் கொடி. கொடத்தத் தொங்கவிடுங்க, எவன் வாரான்னு பாப்போம்" என்றார் பிரகதாம்பாள்.

எந்த வீட்டில்தான் விரிசல் விட்ட பிளாஸ்டிக் குடம் இல்லை? தெருவுக்கு ஒன்று கேட்டு வாங்கினார்கள். மேலத்தெருவுக்குப் பச்சை, கீழத்தெருவுக்கு நீலம், நடுத்தெருவுக்குச் சிவப்பு, புதுத்தெருவுக்கு ரோஸ். கோயில் தெருக்காரர்கள் மஞ்சள்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கிக்கொண்டார்கள். குடம் மேலே ஏறினால் அந்தத் தெருவுக்குத் தண்ணீர், இறங்கினால் முடிந்தது. அதோடு இன்னொன்றையும் திருமுருகன் கறாராகச் செய்தார். கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் வரிசை மாறாது. டேங்க் நிறைந்திருக்கிற காலை நேரத்தில், தண்ணீர் வேகமாகப் போகும்போது, முதலில் கீழத்தெரு. அதுவும் முதல் அரை மணி நேரம் கடைசிப் பத்து வீடு மட்டும் பிடிக்க வேண்டும், மற்றவர்கள் குழாயை மூடி வைக்க வேண்டும். முன்வீட்டுக்காரர்கள் முறைத்தார்கள். அழகம்மாள் வீட்டு வாசலைப் பார்த்துவிட்டு முறைப்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

ஒரு குடத்துக்கும் எந்தக் கட்சியும் வரவில்லை. பெண்கள் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். அறுபத்தி நாலு கால் முப்பதாகி, பிறகு பன்னிரண்டாகி, மாசக் கடைசியில் நாலைந்தாக நின்றது.

ஆனால் அழகம்மாள் பெயர் அந்த போனில் வரவே இல்லை. வராதா என்று திருமுருகன் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருகாலத்தில் எந்தப் பெயரைப் பார்த்தால் நரம்பு புடைத்ததோ, அந்தப் பெயர் வராததுதான் இப்போது நெஞ்சில் உட்கார்ந்து அழுத்தியது. போன் அமைதியாக இருந்தும் அவர் மதியம் தூங்கவில்லை. "எல்லாஞ் சரியாயிருச்சு, அப்புறம் எதுக்குண்ணே இன்னும் நூத்தி எழுபதுல நிக்குது?" என்று செவந்தி தலையைச் சொறிந்தாள்.

கருமாதி முடிந்து ஒரு மாசம் இருக்கும். மதியம் இரண்டரை மணி வெயிலில் அழகம்மாள் மோட்டார் ரூமுக்கு நடந்து வந்தார். இடுப்பில் நீர்மாலைக்கு வந்த அதே பித்தளைக் குடம். வெறும் குடம்.

திருமுருகன் கட்டிலைவிட்டு எழுந்து நின்றார். "அக்கா, அன்னிக்கு நான் போன ஆப் பண்ணிட்டுத் தூங்கிட்டேன். தண்ணிக்குக் கூப்புட்டீங்க, நான்..."

"தண்ணிக்குக் கூப்புடல தம்பி."

அழகம்மாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "அவுகளுக்குத் திடீர்னு மூச்சு இழுத்துச்சு. வீட்ல யாருமில்ல. கையும் ஓடல காலும் ஓடல. போன எடுத்து அமுக்குனேன். அதுல மொத நம்பரு ஒன்னோடதுதான். வேற நம்பர் போடத் தெரியல அந்த நேரத்துல. அமுக்குனேன், அமுக்குனேன்... அப்பறம் வாசல்ல வந்து நின்னு கத்துனேன். தெருவே ஓடி வந்துச்சு."

திருமுருகனுக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் இல்லை. "நான் எடுத்துருக்கணும்க்கா."

"எடுத்துருந்தா? எந்திரிச்சு உக்காந்து காப்பித்தண்ணி கேட்டுருப்பாகளா? ஒங்கிட்ட வால்வு சாவிதான் இருக்கு, எமன்கிட்ட உள்ள சாவியுமா இருக்கு?" என்றார் அவர். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணு சொல்றேன், யார்ட்டயும் சொல்லாத. மூணு வருசம் நான் சேந்தாப்புல ஒரு மணி நேரம் தூங்குனதில்ல. நாளைக்கு நாலு தடவ அவுக துணியக் கசக்கணும். அதுக்குத்தான் தண்ணி தண்ணின்னு ஒன்னய அரிச்செடுத்தேன். அவுக போன மறுநாளு, சனமெல்லாம் சுத்தி ஒக்காந்துருக்கு, நான் செவத்துல சாஞ்சு நல்லாத் தூங்கிட்டேன். எந்திரிச்சுப் பாத்தா வெக்கமாப் போச்சு. இவ்வளவு நாளும் அந்த வெக்கத்தோடதான் கெடந்தேன். செவந்திப் புள்ள வந்து பிரஷர் பாக்கயில, அன்னையிலருந்து நீ தூங்காமக் கெடக்கன்னு சொல்லுச்சு. அப்பத்தான் நெனச்சேன், தூங்குனதுக்காக இந்த ஊர்ல ரெண்டு பேரு வெக்கப்படுறோமேன்னு."

அழகம்மாள் எழுந்தார். மோட்டார் ரூம் சன்னல் கம்பியில் குடத்தை வாய் கீழாகக் கயிறு போட்டுக் கட்டினார். கீழே கிடந்த ஒரு பழைய ஸ்பேனரை எடுத்துத் தட்டினார். பித்தளை கணீரென்று கேட்டது. வேப்பமரத்துக் காக்கை பறந்துபோனது.

"நல்லது கெட்டதுன்னா வந்து இதத் தட்டச் சொல்லு. சும்மா எப்பத் தண்ணின்னு கேக்கறவன் இந்த வெயில்ல நடந்து வர மாட்டான். இப்ப அந்தச் சனியன ஆப் பண்ணு."

"அக்கா, மூணரைக்கு மேலத்தெரு வால்வு..."

"ஆப் பண்ணுப்பா."

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திருமுருகன் போனை அணைத்தார். ஒன்றரை மாசத்தில் முதல் தடவை. கட்டிலில் சாய்ந்தது மட்டும்தான் அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தேகால். அலறியடித்துக்கொண்டு வெளியே ஓடி அண்ணாந்து பார்த்தார். டேங்க் மேலே பச்சைக் குடம் ஆடிக்கொண்டிருந்தது. வால்வுக் குழியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

குழிக்குப் பக்கத்தில், சாவியை மடியில் வைத்துக்கொண்டு, அழகம்மாள் உட்கார்ந்திருந்தார்.

"எத்தன சுத்துன்னு தெரியல, அது பாட்டுக்குத் திருகுனேன். வரிசப்படி மேலத்தெருதானே? சரியாத்தானே ஏத்திருக்கேன்?"

ஒரு சொட்டுத் தண்ணீருக்காகப் பகலெல்லாம் கத்திக்கொண்டிருந்தவர், சாவி கைக்கு வந்தபோது தன் தெருவுக்குத் திறக்காமல் முறை வந்த தெருவுக்குத் திறந்திருந்தார். சரிதான் என்று திருமுருகன் தலையை ஆட்டினார்.

"அப்ப நான் வாரேன்" என்று சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு, சேலையை உதறிக்கொண்டு எழுந்தார் அழகம்மாள்.